25 வயசு ஆளு சிறுமியா சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல அமெரிக்க எழுத்தாளர் பார்பரா நியூஹால் ஃபாலெட் பத்தின கட்டுரையில "கணவருடன் கோபித்துக்கொண்டு ஓடிப்போன சிறுமி எழுத்தாளர்"னு ஒரு வரி போட்டிருக்கீங்க. 1914ல பிறந்தவங்க, 1939 டிசம்பர்ல காணாம போறாங்க, கழிச்சுப் பாத்தா 25 வருது. நியூயார்க்ல செக்ரட்டரி வேலை பாத்து, கல்யாணமும் ஆன ஒரு பொம்பளைய இன்னும் சிறுமின்னே சொன்னா எப்படி?

அப்புறம் அந்த 'ஓடிப்போன'. பாஸ்டன் பக்கத்துல ப்ரூக்லைன்ங்கற ஊர்ல இருந்த வீட்டுல இருந்து 30 டாலரோட கெளம்பினாங்க, அதுக்கப்புறம் என்னாச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது, உங்க கட்டுரையாளருக்கு மட்டும் எப்படியோ தெரிஞ்சிருக்கு. புருஷன் போலீஸ்ல சொன்னதே ரெண்டு வாரம் கழிச்சுத்தான், அத "கவலையுடன் காத்திருந்தார்"னு எழுதறீங்க, நல்ல கவலை! காணவில்லை அறிவிப்பும் ரோஜர்ஸ்ங்கற அவர் குடும்பப் பேர்ல தான் போச்சு. சின்ன வயசுல கொண்டாடுன அதே எழுத்தாளர்தான் இதுன்னு பத்திரிகைக்காரங்களுக்கு 1966 வரைக்கும் தெரியவே இல்ல.

அப்பா பதிப்பகத்துல இருந்ததால புக்கு வந்துச்சுன்னு ஒரு இடி வேற. இருந்தார், மறுக்கல. ஆனா எட்டு வயசுல ஆரம்பிச்சு எழுதின 'தி ஹவுஸ் வித்தவுட் விண்டோஸ்' கையெழுத்துப் பிரதி 1923ல வீடு தீப்பிடிச்சப்ப மொத்தமா எரிஞ்சுது. அந்தப் புள்ள மறுபடி உக்காந்து எழுதி 1927ல 12 வயசுல புக்கா வந்துச்சு, மறுபடி எழுதினதும் அப்பாவா? 1928ல அடுத்த புக்கும் வந்துச்சு, அதே வருஷம் அந்த அப்பா வேற ஒருத்தருக்காக குடும்பத்தையே விட்டுட்டுப் போனார். அதுக்கு மட்டும் உங்க கட்டுரையில ஓடிப்போனார்னு வரல, "பிரிந்து சென்றார்"னு மரியாதையா வருது.

எரிஞ்சத திரும்ப எழுதறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும் சார். ஸ்கூல் படிக்கறப்ப 80 பக்க நோட்டுல ஒரு கதை எழுதினேன், ஸ்டேப்பிள் பின்னு துருப்பிடிச்சு நடுப்பக்கமெல்லாம் கழண்டு வரும், ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருந்தேன். வீடு மாத்தறப்ப யாரோ பழைய பேப்பரோட போட்டுட்டாங்க. முதல் வரி இன்னும் மனப்பாடம். ரெண்டாவது வரி வரவே இல்ல, பல தடவை உக்காந்து பாத்துட்டேன்.

சொல்ல வந்தது வேற. போன வருஷம் நான் எழுதின கடிதத்த பாதியா வெட்டி, கீழ "திருமதி"ன்னு என் வீட்டுக்காரர் பேர சேத்து போட்டீங்க. நான் அப்படி எழுதவே இல்ல. எங்க சொந்தக்காரங்க அவருக்கு போன் பண்ணி லெட்டர் நல்லாருக்குன்னு சொன்னாங்க, அவரும் தேங்க்ஸ்னாரு. கேட்டா பேச்ச வளர்க்காதன்னு சொல்லுவாங்கன்னு விட்டுட்டேன், இப்ப இந்தக் கட்டுரைய பாத்ததும் எல்லாம் சேந்து வருது.

பெருசா ஒண்ணும் கேக்கல. அடுத்த இதழ்ல ஒரு ஓரமா "காணாம போனப்ப வயது 25"னு திருத்தம் போட்டுடுங்க. இந்தக் கடிதத்த போடறதா இருந்தா, கீழ ஒரே ஒரு பேர் தான் எழுதியிருக்கேன், தயவு செஞ்சு அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ எதையும் ஒட்டாதீங்க.