முதல் பந்திக்கே போடு, பாப்பா

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையையும் சின்னவனையும் கேட்டதாகச் சொல். சிங்கப்பூரிலிருந்து மறுபடி கப்பலில் போகலாம், இந்தத் தடவை கப்பலில் தனிக்காசு வாங்கும் ஸ்பெஷல் ரெஸ்டாரண்ட் எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்னாடியே பணம் கட்டிவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். போனில் பதில் சொன்னால், "செலவைப் பார்க்காதீங்கப்பா" என்று முடித்துவிடுவாய். செலவுக்காகச் சொல்லவில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

போன தடவை ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் கப்பலில் நீ புக் செய்து கொடுத்த ஒண்டர்லேண்ட் ரெஸ்டாரண்ட் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. ஆலிஸ் என்ற சிறுமி மாய உலகத்துக்குள் போகிற கதையை வைத்து அமைத்த இடம். உட்கார்ந்ததும் மெனு என்று ஒரு சட்டத்துக்குள் வெற்றுத் தாளை வைத்துக் கொடுத்தார்கள். கூடவே ஒரு தூரிகை, கொஞ்சம் தண்ணீர். அம்மா தண்ணீரைத் தொட்டு ஓர் ஓரத்தில் தடவியதும் எழுத்து எழும்பி வந்தது. சூரியன், பனி, நெருப்பு, நீர், நிலம், கனவு என்று பலகாரங்களையே அப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவள் விடவில்லை. வாசல் தெளிக்கிற மாதிரி தாள் முழுக்க நனைத்துவிட்டுச் சிரித்தாள் பார், அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று. அந்தச் சிரிப்புக்கே உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கண்ணாடி மூடியைத் தூக்கினால் புகை, புகைக்குள் முட்டை. மண்ணைப் போலத் தூவிய பொடியில் நட்டு வைத்த குட்டிக் காய்கறிகள். கடைசியில் சாக்லேட்டில் செய்த ஓர் உருண்டை. மேலே சூடான பாகை ஊற்றியதும் உருகித் திறந்துகொண்டது. முப்பது வருஷம் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்தவன் சொல்கிறேன், அது லேசுப்பட்ட வேலை இல்லை. ஓடு தடித்துவிட்டால் பாகு ஊற்றினாலும் அசையாது. மெலிந்துவிட்டால் மேஜைக்கு வருமுன்பே விரிசல் விடும். அந்தக் கைக்கு நான் மனசாரக் கும்பிடு போட்டேன்.

ஆனால் பந்தியில் நான் எதைக் கவனிப்பேன் என்று உனக்குத் தெரியும். முதலில் எதைத் தொடுகிறார்கள் என்று பார்க்க மாட்டேன். எந்த வாளி இரண்டாம் தடவை நிரம்பப் போகிறது என்றுதான் பார்ப்பேன். இப்போதெல்லாம் நம் பக்கத்துக் கல்யாணங்களிலும் புகை விடும் ஐஸ்கிரீம் வேண்டும் என்கிறார்கள், நானும் வைத்துக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் போனில் படம் எடுப்பார்கள். எடுத்து முடித்து இலைக்கு வந்து, "இன்னும் கொஞ்சம் ரசம்" என்பார்கள். அன்று ராத்திரி கேட்டிருந்தால் இன்னொரு தட்டு தந்திருப்பார்கள், மறுப்பவர்களே இல்லை. எங்களுக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை. மூடி திறந்து புகை போனதும் அந்தப் பதார்த்தத்தின் வேலை முடிந்துவிட்டது போல இருந்தது. அறைக்குத் திரும்பியதும் அம்மா பெட்டியைத் திறந்து ஊறுகாய் பாட்டிலைத் தேடினாள். பசியில்லை, வயிறு நிறைந்துதான் இருந்தது.

மற்ற ராத்திரிகளில் டிக்கெட்டோடு சேர்ந்த பெரிய ஹாலில்தான் சாப்பிட்டோம். அதே மேஜை, அதே பரிமாறுகிற பையன். முதல் நாள் அம்மா சீஸை ஓரமாக ஒதுக்கி வைத்ததைப் பார்த்திருக்கிறான். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் நாங்கள் உட்காருமுன்பே சோறும் பருப்பும் ஒரு காய்கறிக் கூட்டும் வந்தன. பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பச்சை மிளகாயைப் பொடியாக நறுக்கி வைத்திருந்தான். அம்மா இரண்டு தரம் சோறு வாங்கினாள். அவன் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த மேஜைக்குப் போனான். நல்ல பரிமாறுகிறவன் அப்படித்தான் நிற்பான், பாப்பா. எத்தனையோ பேரைப் பழக்கியிருக்கிறேன், நூற்றில் நாலு பேருக்குத்தான் அது வரும்.

கப்பலில் தனிக்காசு வாங்கும் ரெஸ்டாரண்ட் ஒன்றும் நேற்று வந்தது இல்லை. 1905இல் அமெரிக்கா என்ற ஜெர்மன் கப்பலிலேயே ரிட்ஸ்-கார்ல்டன் பெயரில் ஒன்று இருந்தது. 1912இல் டைட்டானிக்கிலும் அப்படித் தனிக்காசு ரெஸ்டாரண்ட் இருந்தது. ஹாலில் மணி அடிக்கும் நேரத்துக்குப் போகாமல், வேண்டிய நேரத்தில் வேண்டியதைச் சொல்லிச் சாப்பிடத்தான் அன்றைக்கு அந்தக் காசு. அது எனக்குப் புரிகிறது. இன்றைக்குக் காசு காட்சிக்குப் போகிறது. நீ போனில் காட்டினாயே, அமெரிக்கப் பக்கம் ஓடும் யூடோபியா கப்பலின் ரயில் பெட்டி ரெஸ்டாரண்ட், அங்கே ஜன்னலில் ஓடும் ஊர்கூடத் திரையில் காட்டும் படம்தான். காட்சி பிழையில்லை. ஒரு தரம் பார்த்தவன் இரண்டாம் தரம் போனால் அடுத்தது என்ன என்று முன்னாடியே தெரிந்துவிடும், அவ்வளவுதான். ரசம் அடுத்து வரும் என்று தெரிந்தேதான் நாம் ஆயுசு பூராவும் இலையில் உட்காருகிறோம்.

அதனால் மொத்தமாகப் பணம் கட்டாதே. ஒண்டர்லேண்டுக்கு ஒரே ஒரு ராத்திரி போடு, சின்னவனுக்காக. தூரிகையை அவன் கையில் கொடுத்துவிட்டு நான் எதிரே உட்கார்ந்துகொள்கிறேன். மிச்ச ராத்திரிக்கெல்லாம் ஹால்தான். ஒரே மேஜையாகக் கேட்டு வாங்கு. அங்கேயும் முதல் பந்தி, இரண்டாம் பந்தி உண்டல்லவா, முதல் பந்திக்கே போடு. அம்மா எட்டு மணிக்குள் மாத்திரை போட வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா