வயிற்று வலி என்றுதான் சொன்னாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழின் மகளிர் நலப் பக்கங்களை விடாமல் படிக்கிறவள் நான். மாதவிடாய், கர்ப்பம், மாதவிடாய் நிற்கிற வயதின் தொல்லைகள் எல்லாம் எழுதுகிறீர்கள். ஆனால் மூன்று வயதிலும் ஆறு வயதிலும் பெண் குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பில் வரும் எரிச்சலையும் புண்ணையும் பற்றி ஒரு வரிகூடப் படித்ததாக எனக்கு நினைவில்லை. பூப்படையாத சிறுமிகளை மகளிர் நோய் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு வரும் காரணங்களில் முதலாவது இதுதானாம். வீடுகளில்தான் யாரும் வாயைத் திறப்பதில்லை. நாங்களும் ஏழு வாரம் திறக்கவில்லை.

மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள். பேத்தி என் பொறுப்பு. போன வருடம் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சில நாட்களில், சாயங்காலம் வந்ததும் வராததுமாக "அம்மாச்சி, வயிறு வலிக்குது" என்பாள். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன். உடம்புச் சூடாக இருக்கும் என்று இளநீர், வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் என்று ஒன்று மாற்றி ஒன்று. ஒருநாள் ஒண்ணுக்குப் போகும்போது வீல் என்று அழுதாள். அப்போதுதான் பார்த்தேன். செக்கச் செவேலென்று சிவந்து கிடந்தது. ஜட்டியில் மஞ்சளாகக் கறை. "ஏண்டி முன்னாடியே சொல்லல?" என்று கேட்டதற்கு, "ஷேம் ஷேம் பத்திப் பேசக் கூடாதுன்னு நீதானே சொன்ன" என்றாள்.

உண்மைதான், நான்தான் சொன்னேன். உடம்பின் மற்ற எல்லா இடத்துக்கும் பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டு, இந்த ஓர் இடத்துக்கு மட்டும் 'வெட்கம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அதுவும் இங்கிலீஷில். அந்தக் குழந்தை வேறு என்ன செய்யும்? பக்கத்தில் இருக்கிற வயிற்றைக் காட்டிவிட்டது.

சரி, பார்த்த பிறகாவது ஒழுங்காக ஏதாவது செய்தேனா என்றால் அதுவும் இல்லை. பெரிய பெண்களுக்கு வெள்ளைப்படுகிற மாதிரிதான் இதுவும் என்று நினைத்து, மருந்துக்கடையில் கேட்டு ஒரு பூஞ்சை க்ரீம் வாங்கித் தடவினேன். சுத்தம் போதவில்லை என்று குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி திரவம் ஊற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஈரம் இருக்கக் கூடாதென்று பவுடர் கொட்டினேன். எரிச்சல் கூடியது. பிறகு ஒரு கிளினிக்கில் 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்று சொல்லி, சிறுநீரைச் சோதிக்காமலேயே ஆன்டிபயாட்டிக் சிரப் எழுதினார்கள். அது முடிந்தும் குணமில்லை.

கடைசியில் ஒரு குழந்தை நல மருத்துவரிடம் போனோம். அந்தம்மா பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னதைத்தான் மற்ற வீடுகளுக்கும் போய்ச் சேரட்டும் என்று எழுதுகிறேன்.

இதற்கு மருத்துவத்தில் வல்வோவஜைனைடிஸ் என்று பெயர். பிறப்புறுப்பும் அதைச் சுற்றியுள்ள தோலும் அழற்சியாகிச் சிவப்பது. பூப்படையும் வரை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மிகக் குறைவாக இருப்பதால் குழந்தைகளுக்கு உட்தோல் மெல்லியதாக இருக்கும். பெரியவர்களுக்கு அங்கே அமிலத்தன்மையை உண்டாக்கிக் காவல் காக்கிற லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா குழந்தைகளிடம் அவ்வளவாகக் கிடையாது. மறைப்பாக இருக்கிற சதையும் முடியும் இன்னும் வளரவில்லை. ஆசனவாயோ பக்கத்திலேயே இருக்கிறது. ஆக, கொஞ்சம் சோப்பு, கொஞ்சம் ஈரம், மலத்திலிருந்து கொஞ்சம் கிருமி போதும், தோல் எரிய ஆரம்பித்துவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தனிப்பட்ட ஒரு கிருமி காரணமே இல்லையாம். சிலருக்குத் தொண்டை வலி உண்டாக்குகிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கை வழியாக அங்கே போய்விடும், அதற்குத்தான் ஆன்டிபயாட்டிக்.

என் பூஞ்சை க்ரீமைப் பார்த்து மருத்துவர் சிரித்துவிட்டார். டயாப்பர் விட்ட வயதிலிருந்து பூப்படையும் வயது வரை அங்கே பூஞ்சைத் தொற்று அபூர்வம். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட குழந்தைக்கோ சர்க்கரை நோய் உள்ள குழந்தைக்கோ வரலாம். 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' சங்கதியும் இப்படித்தான். புண்ணான தோலில் மூத்திரம் பட்டால் எரியத்தான் செய்யும். இரண்டையும் பிரித்துச் சொல்லச் சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும்.

அப்புறம் எங்கள் வீட்டுப் பழக்கங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். கால் கழுவி விடும்போது கை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது? நாற்பது வருடமாகக் குழந்தைகளுக்குக் கழுவி விடுகிறேன். யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால் பின்னாலிருந்து முன்னால்! முன்னாலிருந்து பின்னால்தான் கழுவ வேண்டும். பேத்தி தானாகக் கழுவிக்கொள்ள ஆரம்பித்த பிறகு நான் கவனிக்கவே இல்லை. அவளும் என்னைப் பார்த்துக் கற்றவள்தானே. வெஸ்டர்ன் டாய்லெட்டில் தொடையை ஒட்டி வைத்துக்கொண்டு போனால் மூத்திரம் உள்ளே தேங்கி அப்புறம் ஜட்டியில் கசியும். முட்டியை அகட்டி உட்காரப் பழக்கச் சொன்னார். ஆசையாக வாங்கிக் கொடுத்த இறுக்கமான லெகிங்ஸ் பீரோவுக்குப் போனது.

ராத்திரியில் சொறிகிறாளா என்பது அடுத்த கேள்வி. ஆமாம் என்றேன். அப்படியென்றால் கீரிப்பூச்சி என்கிற குடற்புழு என்றார். பெண் புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும். பெண் குழந்தைகளுக்கு முன்பக்கமும் ஊர்ந்து போய்விடும். பள்ளியில்தான் பிப்ரவரி 10-ஆம் தேதி குடற்புழு நீக்க நாளில் மாத்திரை கொடுத்தார்களே என்றேன். அது ஒரே ஒரு வேளைக்கான மாத்திரை. கீரிப்பூச்சிக்கு இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளையும் வேண்டும், வீட்டில் இருக்கிற எல்லோரும் சாப்பிட வேண்டும் என்றார். முட்டைகள் போர்வையிலும் நகக்கண்ணிலும் உட்கார்ந்திருக்குமாம். நானும் மருமகனும் சேர்ந்து மாத்திரை போட்டது எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் முதல் தடவை.

சொன்ன வைத்தியம் இவ்வளவு எளிதா என்று எனக்கு ஏமாற்றம்கூட. ஒரு அகலமான டப்பில் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வைப்பது, காலையும் மாலையும். அந்த இடத்துக்குச் சோப்பே வேண்டாம். தேய்க்காமல் ஒற்றி எடுத்து, வாஸ்லின் லேசாகத் தடவுவது. பருத்தி ஜட்டி. ராத்திரி ஜட்டி இல்லாமல் பாவாடை மட்டும். இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது.

இதே கவனிப்பில் இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் மறுபடி காட்ட வேண்டும். துர்நாற்றத்தோடு நீர் வந்தாலோ ரத்தம் கலந்து வந்தாலோ அத்தனை நாள் காத்திருக்கவே கூடாது. குழந்தை விளையாட்டாகப் பாசிமணியோ காகிதத் துணுக்கோ உள்ளே வைத்திருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். தோல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்து அரித்தால் அது வேறு நோய், அதற்கு வேறு களிம்பு.

என்னைக் கோபப்படுத்திய ஒரு கேள்வியும் உண்டு. என் எதிரிலேயே பேத்தியிடம் மெதுவாக, "யாராவது உன்னை அங்க தொட்டாங்களா, பாப்பா?" என்று கேட்டார். எங்கள் வீட்டைப் பார்த்தா இப்படி ஒரு கேள்வி என்று எனக்குச் சுருக்கென்றது. பிறகு புரிந்தது. இந்த அழற்சிக்குப் பெரும்பாலும் அப்படிக் காரணம் இல்லை. ஆனால் எந்தக் குழந்தையிடமும் கேட்காமல் விடவும் கூடாது. பெயரே சொல்லக் கூடாத இடத்தில் எரிச்சலை மறைத்தவள், அதைவிடப் பெரிய விஷயத்தை எப்படிச் சொல்லியிருப்பாள் என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தேகம் உள்ளவர்கள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். போக்சோ சட்டம் 2012-இல் இருந்தே இருக்கிறது.

எதிர்வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவர்களின் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அங்கே வழி அடைத்த மாதிரி தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறவிக் குறை என்று மாமியார் ஒரே அழுகை. ஒரு பெரியம்மா கையால் பிரித்துவிடலாம் என்று யோசனை வேறு சொன்னார்! நல்ல வேளை, டாக்டரிடம் போனார்கள். இந்த வயதில் சகஜம், மூத்திரம் தடையில்லாமல் போனால் சும்மா விடலாம், ஹார்மோன் கூடும்போது தானே பிரியும், தொந்தரவு இருந்தால் க்ரீம் உண்டு, கையால் மட்டும் இழுக்கக் கூடாது என்று அனுப்பினாராம். பிறந்த முதல் இரண்டு வாரத்தில் வெள்ளையாகவோ துளி ரத்தமாகவோ படுவதும், வயதுக்கு வருவதற்குச் சில மாதம் முன்பு எரிச்சலோ நாற்றமோ இல்லாமல் வெள்ளைப்படுவதும் நோயே அல்ல.

பள்ளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. கழிப்பறை நாறுகிறது என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு வருகிறார்கள். மூத்திரம் போகக் கூடாதென்று தண்ணீரும் குடிப்பதில்லை. பேத்தியின் பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வரும். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த அப்பாக்கள் தரையைப் பார்த்தார்கள். ஆனால் கூட்டம் முடிந்ததும் நான்கு அம்மாக்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க பாப்பாவுக்கும் இருக்கும்மா, என்ன போடுறது?" என்று கேட்டார்கள்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு குழந்தை நல மருத்துவரைக் கொண்டு இதை விரிவாக எழுத வையுங்கள். 'அந்த இடம்', 'அந்தரங்க உறுப்பு' என்று சுற்றி வளைக்காமல் பெயர் சொல்லியே எழுதச் சொல்லுங்கள். 'பிறப்புறுப்பு' என்ற சொல் என் நாக்கில்தான் இன்னும் பாடப்புத்தகம் மாதிரி தடுக்குகிறது. பேத்தி முழங்கை என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறாள்.

பேத்தி இந்த ஊர்ப் பள்ளியில்தான் படிக்கிறாள். அதனால் என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு அம்மாச்சி,
திருச்சி.