அந்தக் குடை யாருடையது, அண்ணா?

அண்ணா,

இன்று உனக்கு 45. காலையில் வாழ்த்துச் சொல்லப் போனை எடுத்தேன், எடுத்த வேகத்தில் வைத்துவிட்டேன். வேலைத் திறமையை வைத்து ஆஸ்திரேலியா தரும் திறமை விசாவுக்கு அழைப்பு வரும்போது 45 வயது ஆகியிருக்கக் கூடாது. இன்றோடு அந்தக் கதவு சாத்தியாயிற்று. இந்த நாளில் நான் வாழ்த்தினால் அதுவும் உனக்குக் குத்தலாகத்தான் கேட்கும். ஊர் பார்க்க எழுதுகிறாளே என்று முகம் சுளிப்பாய். சுளித்துக்கொள். உனக்கு மட்டும் அனுப்பினால் நீ பிரிக்கவே மாட்டாய். நாலு பேர் படித்துவிட்டு உன் போட்டோ ஸ்டுடியோவுக்கு வந்து கேட்டால்தான் படிப்பாய்.

பணக் கணக்கு எதையும் இங்கே எழுதப்போவதில்லை. அண்ணியும் படிப்பார். நான் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குப் போனதற்கு ஃபீஸ் கட்டியது யார் என்பதும் இங்கே வேண்டாம்.

2019 பொங்கலுக்கு நான் வந்திருந்தபோது நடந்ததைத்தான் எழுத வேண்டும். உனக்கு மறந்திருக்காது.

அந்த விசாவுக்காக நீ பிடிஇ (PTE) என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். அதில் ஒரு பகுதி, திரையில் வரும் படத்தைப் பார்த்து மைக்கில் விவரிப்பது. அந்த வாரம் முழுக்க நான் உனக்கு வாத்தியார். பின்திரைக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உன்னை உட்காரவைத்து, என் போனில் ஒவ்வொரு படமாகக் காட்டினேன். பார்க்க 25 நொடி, பேச 40 நொடி. "திஸ் இமேஜ் ஷோஸ்" என்று தொடங்கு, இடதிலிருந்து வலதுக்குப் போ, எண்ணிக்கையைச் சொல், நிறத்தைச் சொல், "இன் கன்க்ளூஷன்" என்று முடி. நான் அப்படித்தான் 79 வாங்கினேன். என்னென்ன படம் வந்தது என்று அன்று சாயங்காலமே எனக்கு நினைவில்லை.

கோதுமை ஏற்றுமதிப் பட்டை வரைபடத்தை நீ 38 நொடியில் முடித்தாய். எனக்குக் கை தட்டத் தோன்றியது. அடுத்து அந்த மழைப் படம். பேருந்து நிறுத்தம், நான்கு பேர், ஒரே ஒரு குடை. சிவப்புச் சட்டை போட்ட பெண் அதைப் பிடித்திருக்கிறாள். இதைவிட எளிதான படம் தேர்வில் வராது.

நீ பேசவில்லை. போனைக் கையில் வாங்கி, கண்ணருகே கொண்டுபோனாய். நான் மேஜையைத் தட்டி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. "மைக் நின்றுவிட்டது" என்றேன்.

"குடை அவளுடையது இல்லை" என்றாய், தமிழில். "பக்கத்தில் நிற்கிறாரே, அவருடையது. அவர் இடது தோள் காய்ந்திருக்கிறது, வலது தோள் நனைந்திருக்கிறது. அவள் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தவர், பேருந்துக்குக் காசு எடுக்க அவள் கையில் கொடுத்திருக்கிறார்."

அதற்கு நான் சொன்னது: "உன்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. மதிப்பெண் போடுவது கம்ப்யூட்டர். அதற்கு உன் கண் வேண்டாம், வாய் போதும்."

பாஸ்போர்ட் படத்துக்காக ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் பெஞ்சில் காத்திருந்தார்கள். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எதிர் வரிசை வீடுகளிலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிய அத்தனை பேரும் உன் வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து போனவர்கள். என்னையும் நீதான் எடுத்தாய், 35க்கு 45 மில்லிமீட்டர். நீ எழுந்துபோய் அந்தப் பெண்ணிடம், "தாடையைக் கொஞ்சம் இறக்கும்மா" என்றாய். ஒரே கிளிக்கில் முடிக்கிற நீ, அன்று மூன்று முறை எடுத்தாய்.

நான் பார்த்தேன் அண்ணா. பார்த்துவிட்டு அடுத்த படத்தைத் தேடினேன்.

மன்னிப்பு என்று எழுதிவிட்டு அழித்தேன். தப்பாகவா சொன்னேன்? மூன்று நொடி சும்மா இருந்தால் பதிவு நின்றுவிடும் என்பது என் சட்டம் இல்லை. மெல்பர்னில் என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி உனக்கு வீடு பார்த்து வைத்திருந்தேன். உன்னை இங்கே கொண்டுவர எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

சரி, நீ சொல். இரண்டாம் தடவை கேட்பது, படிப்பது, எழுதுவது மூன்றிலும் தேவையான 50ஐத் தாண்டிவிட்டாய். பேசுவதில் 47. மூன்றே மூன்று மதிப்பெண் குறைவு. மூன்றாம் தடவை ஏன் எழுதவில்லை? அம்மாவைக் காரணம் காட்டாதே. அம்மா உன்னைப் போகச் சொன்னார், என்னிடமே சொன்னார். தேர்வு முடிந்து வெளியே வந்ததும் பேசினாயே, பக்கத்துத் தடுப்புகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தியது மீன் சந்தை மாதிரி இருந்தது என்று சிரித்தாய். சிரித்துக்கொண்டே, ஒரு படத்தில் மைக் தானாக நின்றுவிட்டது என்றாய். நீயேதான் நிற்க விட்டாயோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். அப்படியென்றால், என் முகத்தைப் பார்த்து, "நான் வரவில்லை" என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் என்னை வாசலில் நிற்க வைத்திருக்க வேண்டாம்.

எந்தப் படத்தில் நின்றது என்று அன்று நான் கேட்கவில்லை. மதிப்பெண் எப்போது வரும் என்று கேட்டேன்.

நேற்று இரவு பழைய போனில் அந்த மழைப் படத்தைத் தேடி எடுத்தேன். பெரிதாக்கினேன். வலது தோள் நனைந்துதான் இருக்கிறது. அவர் கையில் சில்லறையும் இருக்கிறது, அதை நீ சொல்லவில்லை. சொல்ல நான் விடவில்லை.

சின்னவனுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க வேண்டும். இங்கே ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே ஐந்து நிமிஷத்தில் கொடுத்துவிடுவார்கள். எடுக்கவில்லை. டிசம்பரில் வருகிறோம். அவன் ஒரு இடத்தில் உட்கார மாட்டான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் திரையைத் துவைத்து வை.