ஏலத்தில் வைக்கும் பாத்திரத்துக்கு எடை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் பக்கம் பூர்வீக வீடுகளை விற்கும்போதும் இடிக்கும்போதும் பரணிலிருந்து இறங்குகிற குத்துவிளக்கு, உருளி, ஈயச்சொம்பு, கங்காளம் எல்லாம் முன்பு நேராக எடைக்குப் போகும். இப்போது பிள்ளைகள் படமெடுத்து இணைய ஏலத்தில் வைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அதற்கு எழுதுகிற விவரம் பெரும்பாலும் ஒரே வரிதான்: "மிகவும் அரிய பழமையான பித்தளை விளக்கு, 200 வருடம், சூப்பர் கண்டிஷன்." இந்த வரியை நம்பி யாரும் விலை ஏற்றுவதில்லை. நல்ல பொருள்கூட பழைய பித்தளை விலையிலேயே நின்றுவிடுகிறது. பழம்பொருள் வாங்கி விற்றுப் பழகியவர்கள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

திருநெல்வேலி டவுண் ரத வீதிக் கடையில் விளக்கு வாங்க வருபவர் முதலில் கையில் தூக்கிப் பார்ப்பார். சுண்டிப் பார்ப்பார், கவிழ்த்து அடியைப் பார்ப்பார், தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். இணையத்தில் ஏலம் கேட்பவருக்கு இதில் ஒன்றும் முடியாது. அதனால் எழுதாமல் விட்ட இடத்திலெல்லாம் அவர் மோசமானதையே கணக்கில் வைத்துக்கொள்வார். எடை இல்லையா, மெல்லிய தகடு என்று நினைப்பார். அடிப்பக்கத்துப் படம் இல்லையா, ஓட்டை என்று நினைப்பார். ஏலத்தில் விலை ஏற இரண்டு பேர் போட்டி போட வேண்டும். சந்தேகப்பட்டு ஒருவர் விலகினால், மற்றவர் ஆரம்ப விலைக்கே எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஆகவே முதலில் எடை. கிலோவோடு கிராமும் சேர்த்து எழுதுங்கள். வாங்குபவர் அன்றைய பித்தளை விலையால் பெருக்கி, இதற்குக் கீழே இந்தப் பொருள் போகாது என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்வார். அதற்கு மேல்தான் வேலைப்பாட்டுக்கும் பழமைக்கும் விலை வைப்பார். எடை தெரியாதவரை அந்தக் கணக்கே அவரிடம் தொடங்காது. அடுத்து அளவு. குத்துவிளக்கு என்றால் மொத்த உயரம், உச்சியிலுள்ள அன்னத்தைக் கழற்றிய உயரம், அடித்தட்டின் விட்டம், எத்தனை முகம், எத்தனை பாகமாகக் கழலும் என்பவை வேண்டும். பிறகு மரை, அதாவது பாகங்களைத் திருகிப் பூட்டும் புரி. பழைய விளக்குகளில் முதலில் கெடுவது மரைதான். தேய்ந்துபோனால் எவ்வளவு திருகினாலும் தண்டு சாய்ந்து நிற்கும். துணியோ நூலோ சுற்றி இறுக்கியிருப்பார்கள். அதை எடுத்துவிட்டுப் பார்த்து, உள்ளதை எழுதுங்கள். எண்ணெய்த் தட்டில் தண்ணீர் நிரப்பி, அடியில் காகிதம் விரித்து ஓர் இரவு வையுங்கள். காலையில் காகிதம் நனைந்திருந்தால் விரிசலிலோ பற்றவைத்து ஒட்டிய இடத்திலோ கசிகிறது என்று பொருள்.

இப்படியெல்லாம் பார்த்தபின் எழுதினால் விவரம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி:

"பித்தளைக் குத்துவிளக்கு, ஐந்து முகம், உச்சியில் அன்னம். உயரம் 61 செ.மீ., அன்னம் இல்லாமல் 52 செ.மீ. அடித்தட்டு விட்டம் 21 செ.மீ. எடை 4 கிலோ 350 கிராம். நான்கு பாகம். தண்டும் தட்டும் சேரும் மரை சற்றுத் தளர்வு. முழுக்கத் திருகினால் ஆடவில்லை. அன்னம் பின்னால் மாற்றியது, நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கும். அடித்தட்டின் உட்புறம் 2 செ.மீ. நீளத்துக்குப் பற்றவைத்த தடம் (படம் 6). தண்ணீர் ஊற்றி ஓர் இரவு வைத்துப் பார்த்ததில் கசிவில்லை. பாலிஷ் போடவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கிறது. அடியில் 'ஆ.சு.' என்று பெயர் வெட்டியிருக்கிறது, ஆண்டு இல்லை."

இதில் குறைகள் மூன்று இருக்கின்றன. குறையைச் சொன்னால் விலை விழும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எழுதிய குறைக்கு, வாங்குபவர் அந்தக் குறையின் அளவுக்குத்தான் குறைப்பார். எழுதாத குறைக்கு அவர் மனதில் அளவே கிடையாது. மறைத்து விற்றால் பார்சல் திரும்பி வரும். நான்கு கிலோ பித்தளைக்குப் போக வர கூலியைக் கணக்குப் போட்டால் லாபம் அதிலேயே கரைந்துவிடும். தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். சேகரிப்பவர்கள் தேய்க்காததையே விரும்புவார்கள். பூஜைக்கு வாங்குபவர்களுக்குப் பளபளப்புப் பிடிக்கும். இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள்.

"200 வருடம்" என்ற சொல்லுக்கு வருகிறோம். இதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி, வரலாற்று முக்கியத்துவமுள்ள பொருள் 100 ஆண்டுக்குக் குறையாத பழமை உடையதானால் அது தொல்பொருள். கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டே போதும். தொல்பொருளை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. பெருமைக்காக 200 வருடம் என்று எழுதி அமெரிக்காவுக்கு அனுப்ப முற்பட்டால், சுங்கத்தில் அந்த வரியே எதிர்சாட்சியாக நிற்கும். பொருள் உண்மையில் 60 வருடத்துக்குள் செய்ததாகக்கூட இருக்கலாம். அதை நிறுவ இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்று வாங்க அலைய வேண்டும். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். பாத்திரத்தில் வெட்டிய பெயரும் ஆண்டும் இருந்தால் அவற்றை அப்படியே எழுதி, கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள். மற்றதை "வீட்டில் சொல்லக் கேட்டது" என்று பிரித்து எழுதுங்கள். ஆதிச்சநல்லூர், கொற்கை பக்கம் மண்ணிலிருந்து கிடைத்த தாழியோ காசோ ஏலத்துக்கான பொருளே அல்ல. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

உலோகத்தையும் சரியாகச் சொல்ல வேண்டும். செம்போடு துத்தநாகம் சேர்ந்தது பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தது வெண்கலம். வெண்கல உருளியை விரல் நுனியில் ஏந்திச் சுண்டினால் ஓசை நீண்டு கேட்கும். கரகரத்துச் சட்டென்று நின்றால் எங்கோ விரிசல். பித்தளை விழுந்தால் நசுங்கும், வெண்கலம் விழுந்தால் விரிசல் விடும். அதனால் வெண்கலத்தில் விளிம்பைச் சுற்றி மயிரிழைக் கீறல் தேடுங்கள். சுண்டும் ஓசையைப் பத்து விநாடி வீடியோவாகச் சேர்த்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. பித்தளைச் சமையல் பாத்திரமானால் உள்ளே ஈயப்பூச்சு இருக்கிறதா, தேய்ந்துவிட்டதா என்று எழுதுவது கட்டாயம்.

ஈயச்சொம்புக்குத் தனி எச்சரிக்கை. சொம்பின் உலோகமான வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் அடி போய்விடும். இது நம் பாட்டிகளுக்குத் தெரியும், இணையத்தில் வாங்கும் இளம் பெண்ணுக்குத் தெரியாது. ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றச் சொல்லி விவரத்திலேயே எழுதுங்கள். உடம்புக்குக் கெடுதலான காரீயக் கலப்பு இல்லை என்று சோதித்துப் பார்க்காமல் "சுத்த ஈயம்" என்று எழுதாதீர்கள். ஒருவர் சாப்பிடும் ரசம் இதில்தான் கொதிக்கிறது.

பத்தமடைப் பாய் என்றால் கைத்தறியா விசைத்தறியா, பாவு (நீளவாட்டு நூல்) பருத்தியா பட்டா, எத்தனை கவுண்ட் (நெசவின் நெருக்கம்), நீள அகலம், மடித்த இடத்தில் கோரை ஒடிந்திருக்கிறதா, பூஞ்சை வாடை உண்டா என்பவை வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற பெயர் அது. வேறு ஊர்ப் பாய்க்கு வைக்கக் கூடாது. கூலி சொல்லும்போது கவனம்: பல கூரியர்காரர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாக எடுத்து, உண்மை எடையைவிட அது அதிகமானால் அதற்கே கூலி கேட்பார்கள். பாய்க்கு இது பெரிய வித்தியாசம்.

நாணயத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த தடம் சேகரிப்பவர் கண்ணுக்குத் தப்பாது. பழைய பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் முழு எடை 11.66 கிராம், உங்கள் காசின் எடையை இரண்டு தசமம் வரை எழுதுங்கள். ராமர், அனுமார் உருவத்தோடு 1818 என்று போட்ட "கிழக்கிந்தியக் கம்பெனி காசு" கம்பெனி அச்சிட்டதே அல்ல. அதை லட்சக்கணக்கில் விலை சொல்லிப் போடுவது பெரும் தவறு.

தலைப்பில் உலோகம், பொருள், உயரம், எடை இருக்கட்டும். "அரிய" என்று போட்டு யாரும் தேடுவதில்லை. இபே தளத்தில் தலைப்புக்கு 80 எழுத்துதான் இடம். தமிழில் கணினி எழுத்தையும் புள்ளி, கொம்பு போன்ற குறியையும் பொதுவாகத் தனித்தனியாக எண்ணும் என்பதால் ஏழு எழுத்துள்ள 'குத்துவிளக்கு' 13 இடம் பிடிக்கும். பத்தமடையை ஆங்கிலத்தில் எழுதும்போது வழக்கிலுள்ள இரண்டு எழுத்துக்கூட்டலையும் (Pattamadai, Pathamadai) விவரத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஏலம் தொடங்கிய பிறகு யாராவது கேள்வி கேட்டால், பதிலை அவருக்கு மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். ஒருவர் கேட்டது பத்துப் பேருக்கு இருந்த சந்தேகம். யாராவது ஏலம் கேட்டுவிட்டால் சில தளங்களில் விவரத்தை மாற்ற முடியாது, கூடுதலாகச் சேர்க்க மட்டுமே முடியும். அந்த இடத்தில் தேதி போட்டுப் பதிலைச் சேருங்கள்.

இப்படிக்கு,
பழம்பொருள் விற்பனையில் உள்ள வாசகர்கள்,
பாளையங்கோட்டை.