இந்தியாவின் பிர் திபெத்தியக் குடியிருப்பிலிருந்து, திபெத்தில் இருக்கும் அமா-லாவுக்கு (அம்மாவுக்கு)

இரும்புப் பாம்பு ஆண்டு, பத்தாம் மாதம்
(2001 டிசம்பர்)

அன்புள்ள அமா-லாவுக்கும், இதை வாசித்துக் காட்டப்போகும் அஷாங்-லாவுக்கும் (மாமாவுக்கும்),

நான் சுகமாக இருக்கிறேன். அமா-லாவின் மூட்டு வலி எப்படி இருக்கிறது? மென்-ட்சீ-காங் என்ற நம் திபெத்திய மருந்துக்கடையில் வாங்கிய உருண்டைகளைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். காலையில் ஒன்றை நசுக்கி வெந்நீரோடு சாப்பிடுங்கள்.

இந்தக் கடிதத்தில் நம் வீட்டார் பெயர் எதுவும் இருக்காது. கையெழுத்தைப் பார்த்தே யார் என்று அஷாங்-லாவுக்குத் தெரிந்துவிடும். வாசித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

தம்பியை இங்கே அனுப்பலாமா என்று சொல்லியனுப்பியிருந்தீர்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

பிர் இமாசலப் பிரதேசத்தில், காங்ரா மாவட்டத்தில் இருக்கிறது. பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர்நகர் போகும் சின்ன ரயிலில் வந்து அஹ்ஜூவில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் தவுலாதார் மலை, மறு பக்கம் தேயிலைத் தோட்டம். 1960களில் இங்கே குடியேறியவர்களில் நம் டெர்கே பகுதி ஆட்கள் நிறைய. கடைவீதிக்குப் போனால் நம் ஊர்ப் பேச்சுதான் காதில் விழும். லாசாப் பேச்சு சரியாக வராமல் தரம்சாலாவில் நான் பட்ட சங்கடம் இங்கே இல்லை. ஜூன் கடைசியில் பிடிக்கும் மழை செப்டம்பர் வரை விடாது. துணி காயாது, ட்சம்பா (வறுத்த பார்லி) மாவு பூஞ்சை பிடித்துவிடும். டீ கடைய டிரி (பெண் யாக்) வெண்ணெய் கிடையாது. பொட்டலத்தில் வரும் அமுல் வெண்ணெய்தான். அதிலேயே உப்பு இருப்பதால் உப்பைக் குறைத்துப் போட வேண்டும். இப்போது பழகிவிட்டது.

எனக்கு செட்டில்மென்ட் ஆபீஸில் எழுத்து வேலை. ஆபீசரைத் தரம்சாலாவில் இருக்கும் நம் புகலிட நிர்வாகத்தின் உள்துறை அனுப்புகிறது. ஆதரவில்லாத கிழவிக்கு உதவிப் பணம், பிள்ளைகளின் படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம், உடைந்த தண்ணீர்க் குழாய், பக்கத்துக் கிராமத்தாரோடு வாய்த்தகராறு, இந்திய அதிகாரிகளுக்கு எழுத வேண்டிய மனு என்று எல்லாமே அந்த ஒரு மேஜைக்குத்தான் வரும். நாள் முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வந்தவருக்கு முதலில் டீ, பிறகுதான் காகிதம்.

எங்கள் எல்லோரிடமும் ஒரு பச்சைப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொருவரும் வருடா வருடம் நம் நிர்வாகத்துக்குச் செலுத்தும் சத்ரெல் பணம் அதில் பதிவாகும். 1972இலிருந்து இந்த வழக்கம். கட்டாதவரைப் பிடித்துப் போக எங்களிடம் போலீஸ் கிடையாது. ஓட்டுப் போட முடியாது, அவ்வளவுதான். போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். 1959க்குப் பிறகு குல்லு பக்கம் ரோடு போட்டவர். கல் உடைத்து உடைத்து அவர் விரல்கள் நிமிராமலே போய்விட்டன. சுபா அங்கியின் மடிப்பிலிருந்து துணி முடிச்சை எடுத்து, பல்லால் அவிழ்த்து, நோட்டுகளை ஒவ்வொன்றாக நீவி என் முன்னால் வைத்தார். நான் பதிந்து கொடுத்ததும் புத்தகத்தை நெற்றியில் ஒற்றிக்கொண்டு உள்ளே வைத்தார். அங்கே நாம் யார் யாருக்கோ கட்டியதெல்லாம் பயந்து கட்டியது. இந்தப் பெரியவர் முகத்தில் பயமே இல்லை, அமா-லா. சொந்தமாக ஒரு கஜ நிலம்கூட இல்லாத நிர்வாகத்துக்கு, கேட்காமலே வந்து கொடுத்துவிட்டுப் போகிறார். அன்று ராத்திரி வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த வருடம் நானும் ஓட்டுப் போட்டேன். கலோன் திரிபாவை, அதாவது நம் நிர்வாகத்தின் தலைமை அமைச்சரை, ஜனங்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தது இதுதான் முதல் தடவை. சாம்தோங் ரின்போச்சே ஜெயித்தார். நம் மக்கள் பிரதிநிதிகள் மன்றத்தில் காம், அம்தோ, ஊ-ட்சாங் என்ற நம் மூன்று பகுதிகளுக்கும் தலா 10 பேர். நான்கு பௌத்த சம்பிரதாயங்களுக்கும் போன் என்ற பழைய மதத்தாருக்கும் தலா 2 பேர். யார் நல்லவர், யார் வாய்ச்சொல் வீரர் என்று கிழவிகள் ஜெபச்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே சண்டை போடுகிறார்கள். அபிப்பிராயத்தை உரக்கச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அஷாங்-லாவுக்குப் புரியும்.

இனி கஷ்டங்களையும் சொல்கிறேன். நாங்கள் இந்த நாட்டுக் குடிமக்கள் இல்லை. 16 வயது ஆனதும் ஆர்.சி. என்ற பதிவுப் புத்தகம் எடுத்தாக வேண்டும். அதை விடாமல் புதுப்பிக்க தரம்சாலா போலீஸ் அலுவலகத்துக்கு பஸ் ஏற வேண்டும். தேதி தவறினால் பெரிய தலைவலி. இமாசலத்தில் எங்கள் பேரில் நிலம் வாங்க முடியாது, சர்க்கார் வேலையும் கிடைக்காது. வெளிநாடு போவதென்றால் பாஸ்போர்ட்டுக்குப் பதில் மஞ்சள் அட்டைப் புத்தகம். அதற்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முதலில் வந்த குடும்பங்களுக்கு வீடு வாசல் இருக்கிறது. என்னைப் போலப் பின்னால் வந்தவர்களுக்கு வாடகை அறைதான். காச நோயும் நம்மவர்களிடம் அதிகம். எனக்கு இருமல் இல்லை, கவலைப்படாதீர்கள்.

இப்போது ஊரில் பாதிப் பேர் இல்லை. குளிர்காலம் வந்தால் லூதியானாவில் கடனுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ச் சாலையோரத்தில் கடை போடுவார்கள். பலருக்கு வருடம் முழுக்கச் சாப்பாடு அந்தச் சில மாத வியாபாரத்தில்தான். பிள்ளைகளையும் முதியவர்களையும் விட்டுவிட்டுப் போகிறவர்கள் லோசர் புத்தாண்டுக்கு முன்னால் வந்து சேர்வார்கள். விற்காமல் மிஞ்சிய மூட்டையோடு வருபவர்களும் உண்டு.

பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும். 1960இல் ரோடு வேலைக் கூடாரங்களிலிருந்து கூட்டி வந்த 51 குழந்தைகளோடு தரம்சாலாவில் தொடங்கியது டி.சி.வி. என்ற திபெத்தியக் குழந்தைகள் கிராமம். அதன் பள்ளி ஒன்று இங்கே பக்கத்தில் சுஜாவில் இருக்கிறது. அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் தம்பியைப் போல அப்பா அம்மாவை விட்டு மலை தாண்டி வந்தவர்கள். சாப்பாடு, தங்கும் இடம், படிப்பு எதற்கும் பணம் வாங்குவதில்லை. சின்ன வகுப்புகளில் எல்லாப் பாடமும் நம் மொழியில்தான். நான் சனிக்கிழமைகளில் அங்கே போவேன். பகலில் பையன்கள் ஓடியாடி விளையாடுகிறார்கள். சாயங்காலம் ஜெபம் முடிந்ததும், புதிதாக வந்தவர்கள் மட்டும் மூலையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சிலருக்கு அம்மாவின் முகம் மறந்துகொண்டே வருகிறது. ஒரு பையன் நான் இடுப்பில் கட்டியிருந்த பங்தென் துணியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இதையும் தெரிந்துகொண்டுதான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். அங்கே அவனுக்கு நம் எழுத்தைச் சொல்லித்தர ஆள் இல்லை, இங்கே இருக்கிறார்கள். ஆனால் திரும்பி வர முடியும் என்று நினைத்து அனுப்பாதீர்கள். எனக்கே அந்த நம்பிக்கை குறைந்துகொண்டு வருகிறது.

இந்தக் குளிரில் மட்டும் அனுப்பவே அனுப்பாதீர்கள். நாங்பா லா கணவாய் 5,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த வழியாக வந்து, பனி கடித்துக் கால்விரல் இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கூலிக்காக அழைத்துப் போகும் வழிகாட்டி என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். த்ராம் எல்லை ஊர் வழியாகத் தெரிந்த வியாபாரி யாராவது கூட்டி வருவதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். காலணி ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே கம்பளிக் காலுறை இரண்டு போட இடம் வேண்டும். பணத்தை ஒரே இடத்தில் தைக்காதீர்கள். கியால்வா ரின்போச்சே (தலாய் லாமா) படம் எதையும் கையில் கொடுக்காதீர்கள். இங்கே வந்து தரிசனமே கிடைக்கும்.

காத்மாண்டு வரவேற்பு நிலையத்தில் என் பெயரையும் பிர் என்ற ஊரையும் சொன்னால் போதும், எனக்குத் தகவல் வந்துவிடும். டெல்லிக்கு நானே போய் அழைத்து வருவேன். அதற்கான பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். பதிலை எழுத வேண்டாம். லோசர் முடிந்து, இந்தக் கடிதத்தைக் கொண்டு வருபவர் திரும்பும்போது, ஆம், இல்லை என்று வாயால் சொல்லியனுப்புங்கள். எதுவானாலும் எனக்குச் சம்மதம். தம்பியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் மகள்