பழைய வீடெக், வேனோஸ் எஞ்சின்களில் கைவைக்கும் கொங்கு மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி வட்டாரங்களில் கார் பட்டறை நடத்தும் முதலாளிகளுக்கும், அங்கே நாள் முழுக்க எஞ்சினோடு மல்லுக்கட்டும் மெக்கானிக் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் மெக்கானிக் அல்லன். கோவையில் தொழிற்சாலை இயந்திரங்களின் ஹைட்ராலிக் பம்புகளையும் வால்வுகளையும் பிரித்துச் சரிசெய்யும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறேன். வீட்டில் 2001ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி 1.5 வீடெக் ஒன்று நிற்கிறது. 106 குதிரைத்திறன் கொண்ட அந்த எஞ்சினை அறியாத வண்டிப் பிரியர் நம் ஊரில் இருக்க மாட்டார். இந்த வேலையும் இந்த வண்டியும் ஒருவனிடமே சேர்ந்திருப்பதால்தான், உங்கள் தொழிலைப் பற்றி உங்களுக்கே எழுதத் துணிந்தேன்.

வால்வு திறந்து மூடும் நேரத்தை எஞ்சின் ஓடும்போதே மாற்றும் அமைப்பை நீங்கள் வி.வி.டி. என்று சொல்கிறீர்கள். ஹோண்டாவில் அதற்கு வீடெக் என்று பெயர், பி.எம்.டபிள்யூவில் வேனோஸ். பதினைந்து, இருபது வயதான வண்டியில் அது இருந்தாலே தலைவலிதான், கழற்றி விட்டுவிட்டு ஓட்டுவதே நல்லது என்ற பேச்சைப் பல பட்டறைகளில் கேட்டுவிட்டேன். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு என்பதும், அமைப்பின் மேல் நாம் போடும் பழியில் பெரும்பங்கு உண்மையில் ஆயிலின் மேல் போட வேண்டியது என்பதும் என் உறுதியான எண்ணம். எனக்கு நேர்ந்ததையே முதலில் சொல்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு வால்பாறைக்குப் புறப்பட்டேன். ஆழியாறு தாண்டிப் பத்துக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறியிருப்போம். முன்னால் போன லாரியைத் தாண்ட மிதித்தபோது, வழக்கமாகச் சத்தம் மாறிச் சீறும் எஞ்சின் அந்த இடத்தில் மூச்சு முட்டியதுபோல் நின்றுவிட, செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்ததும் அணைந்தது. மூன்று வளைவு தாண்டி வேகமெடுத்ததும் திரும்ப எரிந்தது. நாற்பது வளைவையும் அப்படியே நொண்டி நொண்டி ஏறி, ஊர் திரும்பியதும் நேராக ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே பானெட்டைத் திறந்து, எஞ்சினை இரண்டு முறை முறுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "வீடெக் போயிருச்சுங்ணா. ஹெட்டையே மாத்தோணும். இல்லீனா அந்தக் கனெக்டரக் கழட்டி உட்டுட்டு ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது." ஹெட் என்பது வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பாகம். சொன்னவர் நல்ல கைத்தொழில்காரர், பணம் பறிக்கும் எண்ணமும் அவருக்கு இல்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை யாரும் உருவிப் பார்க்கவில்லை என்பது இன்றுவரை என் மனத்தில் முள்ளாகக் கிடக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் நானே பார்த்தேன். பழைய ஹோண்டாக்களில் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு முள் சர்வீஸ் கனெக்டரைக் காகித கிளிப்பால் இணைத்தால், செக் எஞ்சின் விளக்கே விட்டுவிட்டு எரிந்து கோளாறின் எண்ணைச் சொல்லும். இரண்டு நீண்ட மினுக்கல், இரண்டு குறுகிய மினுக்கல்: 22. வீடெக்கின் ஆயில் பிரஷர் சுவிட்சுக்கான எண் அது. 21 வந்திருந்தால் சொலினாய்டு, அதாவது ஆயில் வழியைத் திறந்துவிடும் மின்வால்வு. டிப் ஸ்டிக்கை உருவினேன். நுனியில் கறுப்பாக ஒரு சொட்டு, கீழ்க் கோட்டைக்கூட அது தொடவில்லை. ஒரு லிட்டருக்கு மேல் குறைந்திருந்தது. கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போதெல்லாம் இருந்த கொஞ்சம் ஆயிலும் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பு காற்றை இழுத்திருக்க வேண்டும். குறைவாக விட்டுவைத்த குற்றம் என்னுடையது.

பிறகு பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மூன்று போல்ட்டைத் தளர்த்தி, ஹெட்டின் ஓரத்தில் இருக்கும் வீடெக் சொலினாய்டைக் கழற்றினேன். அதன் அடியில் ரப்பர் கேஸ்கெட்டோடு சேர்ந்தே ஒரு சிறு சல்லடை வலை இருக்கும். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். ஆயில் அந்த வலையைத் தாண்டித்தான், வால்வுகளை அமுக்கும் ராக்கர் கைகளுக்குப் போக வேண்டும். என் வண்டியில் அந்த வலையின் பாதியில் தார் போன்ற கசடு அப்பியிருந்தது. மீதிப் பாதியில் சிவப்புச் சிலிக்கான் பேஸ்ட்டின் துணுக்குகள், அரிசிக் குருணைபோல், வரிசையாகச் சிக்கியிருந்தன. அதற்கு முன் எப்போதோ வால்வு கவரில் ஆயில் கசிவை நிறுத்த யாரோ தாராளமாகப் பிதுக்கிய பேஸ்ட்டில் உட்பக்கம் வழிந்தது உதிர்ந்து, பம்பு வழியாகச் சுற்றி அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. சொலினாய்டின் மின்தடையை அளந்தேன். 15 ஓம் காட்டியது, 14 முதல் 30 ஓம் வரை இருக்கலாம். 12 வோல்ட் கொடுத்ததும் 'டிக்' என்று தட்டியது. அதில் எந்தக் குறையும் இல்லை. புதுக் கேஸ்கெட், புது ஃபில்டர், சரியான ஆயில் மூன்றையும் வாங்கிய செலவு, ஹெட்டை மாற்றச் சொன்ன தொகையில் இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை. அதன் பின் வால்பாறை, ஊட்டி, திம்பம் என்று எத்தனையோ முறை ஏறிவிட்டேன். அந்த விளக்கு எரியவே இல்லை.

1989இல் ஹோண்டா இன்டெக்ராவில் வீடெக் முதன்முதலில் வந்தபோது 1.6 லிட்டர் எஞ்சினில் 160 குதிரைத்திறன் எடுத்துக் காட்டியது. அதன் உள்ளே இருப்பது நம் தொழிற்பேட்டைகளில் தினமும் புழங்கும் பொருள்தான். கம்ப்யூட்டர் சொன்னதும் சொலினாய்டு ஒரு ஸ்பூலை, அதாவது துளைக்குள் நகரும் சிறு உருளையை, திறக்கிறது. ஆயில் அழுத்தம் ராக்கர் கைகளுக்குள் இருக்கும் பின்னைத் தள்ளி மூன்று கைகளையும் ஒன்றாகப் பூட்டுகிறது. வால்வுகள், அவற்றை இன்னும் அதிகமாகத் திறக்கும் பெரிய கேம் மேட்டுக்கு மாறிவிடுகின்றன. பிற கம்பெனிகள் பலவற்றின் வி.வி.டி.யில் கேம் ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் சக்கரத்துக்குள் ஆயிலை விட்டுத் துடுப்புகளைத் திருப்பிக் கேமின் கோணத்தையே முன்பின் நகர்த்துகிறார்கள். எந்த வகையானாலும் அது ஒரு ஹைட்ராலிக் இயந்திரம். நான் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் மோல்டிங் இயந்திரத்தில் வால்வு சிக்கினால், வால்வை மாற்றும் முன் டேங்க்கைத் திறந்து ஆயிலைத்தான் பார்ப்போம். ஏனென்றால் ஸ்பூலுக்கும் அது ஓடும் துளைக்கும் நடுவே இருப்பது சில மைக்ரான் இடைவெளிதான், தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு. அதே நுட்பமான வால்வு, புகைக்கரியும் உலோகத் தூளும் கலந்த எஞ்சின் ஆயிலில் வேலை செய்ய வேண்டியிருக்கும்போது, நாம் இன்னும் பல மடங்கு கவனமாக இருக்க வேண்டாமா?

எல்லாப் பழியையும் ஆயில் மேலேயே போட்டால் அதுவும் நியாயமில்லை. வடிவமைப்பிலேயே குறை உள்ள எஞ்சின்களும் உண்டு. பி.எம்.டபிள்யூவின் வேனோஸ் 1992இல் வந்தது; அதன் பிஸ்டன் சீல்களுக்குப் போட்ட நைட்ரைல் ரப்பர் சூட்டில் இறுகிச் சுருங்கிவிடுவதால், 3000 ஆர்.பி.எம்முக்குக் கீழ் இழுவை குறைவதும் ஐடிலிங் ஆடுவதும் அந்த வண்டிகளுக்குப் பொது நோய். அதே கம்பெனியின் இ46 எம்3 காரில் இருக்கும் எஸ்54 எஞ்சினில் வேனோஸுக்கென்று தனிப் பம்பு 100 பாருக்கும் மேல் அழுத்தம் கொடுக்கிறது; அந்தப் பம்பைச் சுழற்றும் எக்ஸாஸ்ட் ஹப்பின் காதுகள் ஒடிந்து எஞ்சினுக்குள் விழுவதை உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். போர்ஷே 968இல் வேரியோகேம் என்ற வி.வி.டி.யின் டென்ஷனரில், செயினை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டைகள் தேய்ந்து செயினைக் கெடுக்கின்றன. டொயோட்டா செலிகாவின் 2இசட்இசட் எஞ்சினில் தொடக்க ஆண்டுகளில் போட்ட லிஃப்ட் போல்ட்கள் தேய்ந்து ஒடிந்தன, பிறகு திருத்தப்பட்ட போல்ட்கள் வந்தன. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் "வி.வி.டி. போச்சு" என்ற ஒரே சொல் போதாது என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

ஆயிலின் தடிமன் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். பழைய வண்டி, நம்மூர் வெயில், ஆகவே 20 டபிள்யூ 50 என்ற தடித்த ஆயில் என்பது நம் பட்டறைகளில் எழுதப்படாத சட்டமாகிவிட்டது. கார்புரேட்டர் காலத்து எஞ்சின்களுக்கு அது சரியாகவே இருந்தது. வலையும் சிறு துளைகளும் கொண்ட இந்த எஞ்சின்களில், ஊட்டியில் ஒரு ஜனவரிக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அந்தத் தடித்த ஆயில் கேம் சக்கரம்வரை ஏறிச் சேர நேரம் எடுத்துக்கொள்கிறது. அதுவரை பூட்டுப் பின் சரியாக அமராத சக்கரம் கடகடக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு இன்னும் தடித்த ஆயிலை ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்காக மெல்லிய ஆயில்தான் எல்லா வண்டிக்கும் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன எஸ்54 எஞ்சினுக்கு பி.எம்.டபிள்யூவே கேட்பது 10 டபிள்யூ 60. செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வண்டியை விரட்டுகிறவர்களுக்கு ஆயில் சூடாகித் தண்ணீராவது பற்றிய கவலை நியாயமானது. வண்டியின் கையேட்டு அட்டவணை அனுமதித்தால் அவர்கள் ஒரு படி தடித்ததைப் போடட்டும். அட்டவணையைப் பார்க்காமல், டிரம்மில் எது இருக்கிறதோ அதை ஊற்றுவதைத்தான் விட்டுவிடச் சொல்கிறேன்.

சோதிக்கும் வரிசையையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்போது பெரும்பாலும் ஸ்கேனரைச் செருகுகிறோம், பி 0011 என்று கோளாறு எண் வருகிறது, உடனே ஆயில் கன்ட்ரோல் வால்வை மாற்றுகிறோம். அது போகவில்லையென்றால் கேம் சக்கரம், அதுவும் போகவில்லையென்றால் எஞ்சினை இறக்குவது. அந்த எண், கேம் சொன்ன இடத்துக்கு வரவில்லை, வேண்டியதைவிட முன்னால் நிற்கிறது என்று மட்டுமே சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. பி 0016 வந்தால் கேமும் கிராங்க்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள், அங்கே செயின் நீண்டதா என்று பார்ப்பது முறை. ஆனால் இரண்டிலும் முதலில் ஆயிலின் அளவு, பிறகு அதன் நிலை, பிறகு பிரஷர் கேஜ். ஹோண்டாவில் சூடான எஞ்சின் 3000 ஆர்.பி.எம்மில் ஏறத்தாழ 3.4 பாராவது காட்ட வேண்டும். அதன் பின் வலை, அதன் பின் சொலினாய்டின் ஓம். இவ்வளவுக்கும் கேஜ் மாட்டும் நேரத்தைச் சேர்த்தால்கூட ஒரு மணி நேரம் ஆகாது. அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேளுங்கள்; வண்டிக்காரர்கள் நாங்கள் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

கனெக்டரைக் கழற்றி விட்டு ஓட்டச் சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம். வண்டி ஓடும் என்பது உண்மைதான். கேம் ஒரே இடத்தில் நின்றுவிடுவதால் இழுவையும் மைலேஜும் குறைவது ஒரு நஷ்டம் என்றால், அதைவிடப் பெரிய நஷ்டம் இன்னொன்று: ஆயில் அழுத்தம் குறைந்ததை முதலில் உணர்ந்து சொல்லும் காவல்காரனின் வாயை நாம் அடைத்துவிடுகிறோம். என் வண்டியில் அந்த விளக்கு எரியாமல் இருந்திருந்தால், ஒரு லிட்டர் ஆயில் குறைந்த எஞ்சினோடு நான் மலையேறிக்கொண்டே இருந்திருப்பேன், அடுத்து உருகியிருப்பது கிராங்க்கின் பேரிங்.

எங்கள் பக்கத்துக் குறைகளும் இருக்கின்றன. வாரத்துக்கு இரண்டு முறை காந்திபுரத்துக்கும் ஆர்.எஸ்.புரத்துக்கும் மட்டும் போய்வரும் வண்டியின் எஞ்சின் சரியாகச் சூடாவதற்குள் அணைந்துவிடுகிறது. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலைக் கசடாக்குகிறது. "ரெண்டாயிரம் கிலோமீட்டர்தானே ஓடிருக்குது" என்று சொல்லி இரண்டு ஆண்டுகள் ஆயில் மாற்றாமல் விடுபவர்கள் நாங்கள்தான். பில்லில் ஐந்நூறு ரூபாய் குறைக்க எதையாவது ஊற்றச் சொல்லி உங்களை வற்புறுத்துபவர்களும் நாங்கள்தான். அப்படிக் கேட்பவரிடம் மறுத்துச் சொல்லுங்கள். ஊற்றிய ஆயிலின் பெயரையும் தடிமனையும் கிலோமீட்டரையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். இருபது வயது வண்டியை அடுத்து வாங்குபவருக்கு அந்தத் தாளைவிடப் பெரிய சான்று கிடையாது.

கடைசியாக ஒன்று. பழைய வேனோஸ் சீல்களுக்கு வெளிநாட்டிலிருந்து உதிரிபாகம் வரும் என்று மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைத்திருப்பதைப் பார்க்கிறேன். சூடான ஆயிலில் நைட்ரைல் சீல் நிற்காத இடங்களில் நாங்கள் விட்டான் ரப்பரும் டெஃப்லான் வளையமும் போடுவது அன்றாட வேலை. அளவும் பள்ளத்தின் ஆழமும் சரியாக எடுத்துக் கொடுத்தால் அவற்றைச் செய்து தர நம் ஊரிலேயே கைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓய்வாகத்தான் இருப்பேன். பிரஷர் கேஜும், ஹோண்டாவுக்கும் டொயோட்டாவுக்கும் பொருந்தும் அடாப்டர்களும், மல்டிமீட்டரும் என்னிடம் இருக்கின்றன. அழைக்கும் பட்டறைக்கு, கூலி எதுவும் வாங்காமல், எடுத்து வந்து உங்களோடு நின்று பார்க்கத் தயாராக இருக்கிறேன். வரும்போது என் பழைய வலையையும் கொண்டு வருகிறேன். சிலிக்கான் துணுக்கோடு அப்படியே ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு பழைய சிட்டி வீடெக் வண்டிக்காரன்