நான்காவது டிஸ்க் வரவில்லை: ஃபயர்ஃப்ளை டிவிடி பெட்டி குறித்த புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், மேற்கு தாம்பரம், சென்னை
பெறுநர்: குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
நாள்: 02.12.2024
பொருள்: ஃபயர்ஃப்ளை முழுத் தொடர் டிவிடி பெட்டியில் ஒரு டிஸ்க் மாறி வந்தது, ஐந்து வாரமாக அலைக்கழித்தது

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயமாக நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்கும் மின்னஞ்சல். நான்குக்கும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரே வரி பதிலாக வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை, புகார் கொடுத்தேன். அதனால் இந்த முறை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

செப்டம்பர் 5 அன்று உங்கள் தளத்தில் 3,499 ரூபாய் கட்டி, ஃபயர்ஃப்ளை என்ற அமெரிக்க விண்வெளி டிவி தொடரின் இந்தப் பெட்டியை வாங்கினேன். வெளிநாட்டிலிருந்து வருவது, விலை கூடத்தான், அதைப் பற்றி நான் பேசவில்லை. 14ஆம் தேதி சனிக்கிழமை வந்து சேர்ந்தது. உறை பிரியாமல், மூலை நசுங்காமல் வந்தது, அந்த மட்டில் நன்றி. உள்ளே 4 டிஸ்க். முதல் டிஸ்கில் 3 பகுதிகள், இரண்டாவதில் 4, மூன்றாவதில் 4, நான்காவதில் 3, ஆக மொத்தம் 14. விற்கிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. எனக்கு வந்த பெட்டியில் நான்காவது டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு மூன்றாவது டிஸ்க் இருக்கிறது. 'த மெசேஜ்', 'ஹார்ட் ஆஃப் கோல்ட்', 'ஆப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ்' மூன்றும் என்னிடம் இல்லை.

புகார் இவ்வளவுதான். ஒரு டிஸ்கை மாற்றித் தர வேண்டும். இதற்குத்தான் 17 முறை போன் செய்தேன், ஒரு நாள் லீவு போட்டேன், செங்குன்றம் வரை போய் வந்தேன்.

அக்டோபர் 28 அன்று காலை பேசிய உங்கள் ஊழியரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது இன்னும் நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது. பெயர் கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார். டிஸ்க் மாறியிருக்கிறது என்றேன். "ஒரு நிமிஷம் சார்" என்று எதையோ தேடிப் பார்த்துவிட்டு வந்து, "சார், இந்த சீரியல்ல பதினோரு எபிசோட்தான் டிவில வந்திருக்கு. உங்ககிட்ட பதினொண்ணு இருக்கில்ல? அப்ப சரியாத்தான் இருக்கு" என்றார். பெட்டியின் பின்பக்கத்தில் 14 பகுதிகளின் பெயரும் அச்சாகியிருக்கிறது, படித்துக் காட்டட்டுமா என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பாதியில நிறுத்தின சீரியல்தானே சார், எப்படியும் முடிவு இருக்காது. மூணு இல்லாட்டி என்ன?"

அத்துடன் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

டிவியில் வந்த 11 வேறு, என்னிடம் இருக்கும் 11 வேறு. என்னிடம் உள்ள மூன்றாவது டிஸ்கின் கடைசிப் பகுதி 'ட்ராஷ்'. தொடரைப் போட்ட அமெரிக்க டிவி நிறுவனமான ஃபாக்ஸ் அதை ஒளிபரப்பவே இல்லை. ஒளிபரப்பிய 'ஆப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ்' என்னிடம் இல்லை. எண்ணிக்கை தற்செயலாக ஒத்துப்போனதை வைத்து ஒரு மனிதனைப் பொய்யன் ஆக்கிவிட்டார் அவர்.

அவருக்குத் தெரியாவிட்டாலும் நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? இந்தத் தொடரை நேசிக்கிறவர்களுக்கு 2002லிருந்து ஆறாத புண்ணே இதுதான். தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன் 2 மணி நேர முதல் பகுதியை எடுத்துக் கொடுத்தார். யார் இந்த விண்கப்பல்காரர்கள், எந்தப் போரில் தோற்றவர்கள், ஒரு பெண்ணை ஏன் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார்கள் என்று எல்லாமே அதில்தான் இருக்கிறது. ஃபாக்ஸ் அதை ஓரமாக வைத்துவிட்டு, அந்த வருஷம் செப்டம்பர் 20 அன்று இரண்டாவது பகுதியான 'த ட்ரெயின் ஜாப்'பிலிருந்து ஆரம்பித்தது. அதுவும் வெள்ளிக்கிழமை இரவு, இளவட்டம் வீட்டிலேயே இருக்காத நேரம். அப்புறம் வரிசையைக் கலைத்துக் கலைத்துப் போட்டு, யாரும் பார்க்கவில்லை என்று டிசம்பரில் நிறுத்தினார்கள். முதல் பகுதியைக் கடைசியில், டிசம்பர் 20 அன்று, போட்டார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டு, சாப்பாடு போடாமல் வெளியே அனுப்பின மாதிரி. அந்த முதல் பகுதிக்குத்தான் மறு வருஷம் காட்சி நுட்பத்துக்காக எம்மி விருது கிடைத்தது.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. கைக்காசு சேர்த்து வெரைட்டி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். வேறு சேனலாவது எடுத்துக்கொள்ளட்டும் என்று அஞ்சலட்டை அஞ்சலட்டையாக எழுதினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 2003 டிசம்பரில் வந்த டிவிடிதான் தொடரைக் காப்பாற்றியது. அது விற்ற விற்பனையைப் பார்த்துத்தான் வேறொரு நிறுவனம் 2005இல் திரைப்படமாக எடுக்க முன்வந்தது. டிவி கைவிட்டதை இந்த டிஸ்க்தான் தூக்கி நிறுத்தியது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். அதை விற்று லாபம் பார்க்கிற நீங்களே 'மூணு இல்லாட்டி என்ன' என்று கேட்கலாமா?

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும்.

நான் இதை முதலில் பார்த்தது 2006இல், திருச்சியில் கல்லூரி விடுதியில். யாரோ எங்கிருந்தோ ஏற்றிக்கொண்டு வந்த கோப்புகள், டிவியில் வந்த அதே கலைந்த வரிசையில். எட்டுப் பேர் ஒரே கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம். யார் யாருக்கு என்ன உறவு என்று புரியாமலே பிடித்துப்போய், கடைசியில் முதல் பகுதி வந்தபோதுதான் எல்லாம் விளங்கியது. அன்றைக்கே முடிவு செய்தேன், என் வீட்டில் யாருக்காவது காட்டினால் சரியான வரிசையில் காட்ட வேண்டும் என்று. இப்போது என் மகள் பத்தாம் வகுப்பு. பள்ளி நாளில் டிவி கிடையாது. செப்டம்பர் 21லிருந்து சனி ஒன்று, ஞாயிறு ஒன்று என்று பார்த்து வந்தோம். நோட்டுத் தாளில் 14 கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். பார்த்து முடித்ததும் கட்டத்துக்குள் பச்சைப் பேனாவால் சின்னதாக ஒரு கப்பல் வரைவாள். அக்டோபர் 26 அன்று பதினோராவது கப்பல். மறுநாள் அடுத்த டிஸ்கைப் போட்டால், மறுபடியும் 'அவுட் ஆஃப் கேஸ்' ஓடுகிறது. எடுத்துப் பார்த்தேன், டிஸ்க் மேலேயே 3 என்று இருக்கிறது. மிச்சம் மூன்றையும் தீபாவளி லீவில் முடித்துவிடலாம் என்று இருந்தோம். தீபாவளியே பாழாகிப்போனது என்றுதான் சொல்வேன்.

இதைச் சொன்னதும் உங்கள் இரண்டாவது ஊழியர் (இவர் மரியாதையாகத்தான் பேசினார்) பொருளைத் திருப்பும் 10 நாள் கெடு முடிந்துவிட்டது, முதல் நாளே பார்த்திருக்க வேண்டும் என்றார். பெட்டியைத் திறந்ததும் 4 டிஸ்க் இருக்கிறதா என்று எண்ணினேன். இருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டிப் பார்க்கவா முடியும்? மூட்டை அரிசி வாங்கினால் அடிவரைக்கும் கொட்டிப் பார்த்தா கடைக்காரரிடமிருந்து வருகிறோம்?

அடுத்து செங்குன்றம் கதை. நேரில் கொண்டுவந்தால் உங்கள் கிடங்கிலேயே மாற்றித் தருவார்கள் என்று நவம்பர் 11 அன்று குறுஞ்செய்தி அனுப்பினீர்கள். அதன் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். 13ஆம் தேதி லீவு போட்டேன். தாம்பரத்திலிருந்து கோயம்பேடு, அங்கிருந்து இன்னொரு பஸ், இறங்கி ஷேர் ஆட்டோ, அதற்கு மேல் முக்கால் கிலோமீட்டர் லாரி போகும் சேற்றில் நடை. மழை தூறிக்கொண்டே இருந்தது. பெட்டி நனையக்கூடாதென்று சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் இருந்த காவலாளி, இங்கே மாற்றித் தரும் பிரிவு என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை, இங்கிருந்து சரக்கு வெளியே போகும், அவ்வளவுதான் என்றார். பாவம், அவர் மேல் தப்பில்லை. நனைந்திருந்த என்னைப் பார்த்து ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். உங்கள் நிறுவனத்தில் இந்த ஐந்து வாரத்தில் என்னை மனிதனாக நடத்தியவர் அவர் ஒருவர்தான். அங்கிருந்தே உங்களுக்குப் போன் செய்தேன். 40 நிமிடம் இசை கேட்டேன். அப்புறம் எடுத்தவர் அதே அக்டோபர் 28 ஊழியர். குரலை எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன். "சார், நீங்களா? அதான் சொன்னேனே" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

வீடு வந்து சேர மணி ஏழு. மகள் கதவைத் திறந்ததும் என் கையைத்தான் பார்த்தாள்.

என்னிடம் இல்லாதது சாதாரண மூன்று பகுதிகள் அல்ல. 'த மெசேஜ்'தான் படப்பிடிப்பில் கடைசியாக எடுத்தது. அதை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் தொடரை நிறுத்தும் செய்தி வந்தது. பழைய போர்த் தோழன் ஒருவனின் உடல் தபாலில் ஒரு பெட்டிக்குள் வந்து சேரும் கதை. அதன் முடிவில், பனியில் அவனைப் பெற்றவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது வரும் இசையை, கிரெக் எட்மன்சன் இந்தத் தொடருக்கே விடை சொல்வதாக நினைத்துத்தான் அமைத்தார். ஃபாக்ஸ் இதையும் காட்டவில்லை. 'ஆப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ்' இல்லாவிட்டால், பெட்டிக்குள் வந்த அந்தப் பெண் ரிவர் கப்பலில் ஒருத்தியாகச் சேரும் இடமே இல்லை. படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் ஊழியர் ஒருவர் போனில் சொன்னார். இவை இல்லாமல் படத்துக்குப் போனால் பாதி புரியாது.

2007இல் ஸ்டீவன் ஸ்வான்சன் என்ற விண்வெளி வீரர் இந்த டிவிடியை அட்லாண்டிஸ் விண்கலத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே எடுத்துப் போனார். அங்கே போய்ச் சேர்ந்த டிஸ்கை, ஒரே நகரத்துக்குள் இருக்கும் தாம்பரத்துக்கு உங்களால் அனுப்ப முடியவில்லை என்றால் நான் என்ன நினைப்பது?

நவம்பர் 20 அன்று நீங்களாகவே 500 ரூபாய்க்கு ஒரு கூப்பன் அனுப்பிவிட்டு, 'புகார் தீர்க்கப்பட்டது' என்று முடித்துவிட்டீர்கள். அந்தக் கூப்பன் எனக்கு வேண்டாம். முழுப் பணமும் திருப்பித் தருவதாக இருந்தாலும் வேண்டாம். அந்தப் பெட்டி உங்கள் தளத்தில் இன்றைக்கும் 'இருப்பில் உள்ளது' என்றே காட்டுகிறது. அதில் ஒன்றைப் பிரித்து நான்காவது டிஸ்கை எடுத்து அனுப்ப உங்களுக்கு 10 நிமிடம் போதும். என்னிடம் கூடுதலாக இருக்கும் மூன்றாவது டிஸ்கை வருகிற கூரியர் பையனிடமே கொடுத்து அனுப்புகிறேன், ஒரு கீறல் கூட இல்லை.

உங்களுடன் சண்டை போட எனக்கு ஆசையில்லை. மூன்று வருஷமாக உங்களிடம் வாங்குகிறேன், இதற்கு முன் ஒரு குறையும் சொன்னதில்லை. ஆனால் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டியவர் குறைதீர் அலுவலரான நீங்கள். ஒரு மாதம் தாண்டிவிட்டது. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் டிஸ்க் வராவிட்டால், 1915 உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன். அங்கே டிஸ்கை மட்டும் கேட்க மாட்டேன். அலைச்சல், ஒரு நாள் சம்பளம், மன உளைச்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 லட்சம் கேட்பேன். ஒரு குழந்தையின் தீபாவளிக்கு அது அதிகமில்லை.

அந்த ஊழியரின் வேலைக்கு எந்தப் பாதகமும் வர வேண்டாம். அவர் என்னைக் கூப்பிட்டு, சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். 22 வருஷமாக இந்தத் தொடரின் ரசிகர்கள் இதே பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய கடையிலும் அதைக் கேட்க வேண்டுமா?

பில் நகல், மூன்றாவது டிஸ்குகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் புகைப்படம், உங்கள் குறுஞ்செய்தியின் படம், செங்குன்றம் போய் வந்த பஸ் டிக்கெட் நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். ஃபிரிட்ஜ் கதவில் கடைசி மூன்று கட்டமும் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் வீட்டில்தான் இருப்பேன், கூரியரை அந்த நாளில் அனுப்பினால் நானே வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
மேற்கு தாம்பரம்